ஓஎம்ஆரில் வீடு வாங்கிய சித்தி பெண்ணும், காலடிப்பேட்டையிலேயே இருக்கும் நானும்

காலடிப்பேட்டை | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். நம்ம வடசென்னைக்காரர்கள் பேசும் இந்த இடத்தில் இதுவரை மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் தூக்கம் வராது என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெண் எட்டாவது படிக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். வீடு மாமனார் கட்டியது. கீழே இரண்டு அறை, மாடியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறை, மற்றபடி மொட்டை மாடி. வீட்டின் மேல் கடன் இல்லை. மாதக் கடைசியில் இழுபறிதான், ஆனால் யாரிடமும் போய் நின்றதில்லை.

இன்று என் சித்தி பெண்ணின் கிரகப்பிரவேசம். சென்னைக்குத் தெற்கே ஓஎம்ஆர் சாலையில் நாவலூர் பக்கம், பன்னிரண்டாவது மாடி. அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். என் பாவாடையைத்தான் அடுத்த வருடம் அவள் கட்டிக்கொள்வாள். அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நான். வீடு அழகாக இருந்தது. பொய் சொல்லவில்லை, பார்த்ததும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்த "இன்னும்" தொண்டையில் மாட்டிக்கொண்டது. பாயசம் இறங்கவில்லை.

திரும்பி வர இரண்டு பஸ், அப்புறம் மெட்ரோ. வழியெல்லாம் என் வீட்டில் இல்லாதவற்றை எண்ணிக்கொண்டே வந்தேன். காலையில் கிளம்பும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி வீட்டுக்குள் நுழையும்போது ஒன்பது இருந்தன.

இன்னொன்றும் கேட்க வேண்டும். காலை 4.45-க்கு எழுந்திருக்கிறேன். தண்ணீர், சமையல், ஆபீஸ், டியூஷன் கூட்டிப்போவது, மறுபடி சமையல். பாத்திரம் கழுவி முடித்ததும் அரை மணி நேரம் மாமியாரும் நானும் மொட்டை மாடியில் உட்காருவோம். கடல் காற்று வரும். அவர் மறுநாளைக்குக் கீரை ஆய்வார், இல்லாவிட்டால் சும்மா இருப்பார். நாள் முழுக்க நான் காத்திருப்பது அந்த அரை மணிக்குத்தான். கொஞ்ச நாளாக அங்கேயும் உறுத்தல். ஆபீஸில் ஒருத்தி ராத்திரியில் பிளவுஸ் தைக்கிறாள், இன்னொருத்தி வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறாள். "உனக்கு அந்த நேரத்தில் ஏதாவது பண்ணலாமே" என்கிறார்கள்.

நான் உட்கார்ந்திருப்பது திருப்தியா, சோம்பேறித்தனமா? இதைத்தான் கேட்க வந்தேன்.

பேசின்பிரிட்ஜ் | ஞாயிறு, இரவு 11.05

அக்கா, முதலில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை ஒரு வருடத்துக்கு மியூட்டில் போடுங்கள். நான் போட்டு எட்டு மாதம் ஆகிறது. யார் செத்தாலும் பிறந்தாலும் போன் செய்து சொல்லிவிடுகிறார்கள். மற்றதெல்லாம் தெரியாமலே இருக்கலாம்.

கல்மண்டபம் | திங்கள், காலை 6.20

அம்மா, நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஃபர்னிஷிங் டிவிஷனில் இருந்தவன். 1985-ல் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். நீங்கள் கேட்டதை நானும் ஒரு காலத்தில் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனதைச் சொல்கிறேன்.

ஓ.டி., அதாவது ஓவர்டைம் என்றால் நான் விட்டதே இல்லை. இரட்டைச் சம்பளம். ஆரம்பத்தில் தேவை இருந்தது. இரண்டு தங்கைகள், அப்பாவுக்கு வேலை இல்லை. தங்கைகள் கல்யாணம் முடிந்தது. அப்புறமும் ஓ.டி. போனேன். பக்கத்து பெஞ்ச்காரர் மீஞ்சூரில் மனை வாங்கினார், நானும் வாங்கினேன். ஒருவர் பையனை இன்ஜினியரிங் சேர்க்க டொனேஷன் கட்டினார், நானும் கட்டினேன். எந்த வருடம் தேவை முடிந்து போட்டி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். என்னால் சொல்ல முடியவில்லை. நடுவில் ஒரு கோடு இருந்திருக்கும். அதைத் தாண்டும்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் செக்‌ஷனில் ஒருவர் இருந்தார். மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஓ.டி.க்குப் பேர் கொடுக்க மாட்டார். சாயங்காலம் ஐந்தானால் கேரம் ஆடப் போய்விடுவார். பிழைக்கத் தெரியாதவர் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். ஓய்வு பெறும்போது இருவரும் ஒரே கிரேடு. பென்ஷன் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போடுவது, ஓ.டி.யும் இன்சென்டிவும் அதில் சேராது. இன்றைக்கு ஒன்றாம் தேதி எங்கள் இருவருக்கும் ஒரே தொகைதான் வருகிறது. என்னிடம் மனை இருக்கிறது, அவரிடம் இல்லை. அந்த மனையில் முள்செடி வளர்ந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்து வெட்டுகிறேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் மதியம் என் மனைவி தட்டில் சாப்பாடு போட்டாள். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். "யார் துரத்துறாங்க?" என்று கேட்டாள். 37 வருடம் கழித்து அவள் கேட்ட கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் மாமியார் கீரை ஆய்கிறார், நீங்கள் பக்கத்தில் உட்காருகிறீர்கள். அந்த அரை மணியை விற்காதீர்கள் அம்மா.

கொருக்குப்பேட்டை ரயில்கேட் | திங்கள், மதியம் 3.15

இரண்டு ஆர்டருக்கு நடுவில் எழுதுகிறேன், தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

பெரியவரே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் உங்களுக்குப் பென்ஷன் வருகிறது. அக்காவுக்கு வீடு சொந்தம். எனக்கு 26 வயது, டிப்ளமோ மெக்கானிக்கல். கான்ட்ராக்டில் இருந்த வேலை போன வருடம் போய்விட்டது. இப்போது சாப்பாடு டெலிவரி. காலை 11-லிருந்து ராத்திரி 12 வரை வண்டியில்தான். எங்களுக்கு பிஸி என்பது பெருமைக்குச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை. இன்னும் மூன்று ஆர்டர் முடித்தால் இவ்வளவு ரூபாய் கூட என்று திரையில் வரும். அதை முடித்தால் அடுத்தது வரும். "போதும்" என்று எந்த இடத்திலும் நிறுத்த முடியாதபடிதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. "இருப்பது போதும்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதை எப்போதும் நம் பக்கத்து ஆட்களிடம்தானே சொல்கிறார்கள்? நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு வந்தது, போதும் என்று இருந்தோம். அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்தது, இருந்தோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படகு, வலை எல்லாம் கறுத்துப்போனது. அப்போதும் திருப்தியாக இருக்க வேண்டுமா? ஒப்பிட்டுப் பார்த்தால்தானே நமக்கு என்ன கிடைக்கவில்லை என்று தெரியும்?

அக்காவைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

காலடிப்பேட்டை | திங்கள், இரவு 9.50

தம்பி, கோபப்பட்டதில் தப்பு இல்லை. ஆபீஸில் உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் ராத்திரிக்குள் விரலில் கரி ஒட்டும். நாவலூரிலிருந்து வரும்போது நான் எண்ணிய ஒன்பதில் அது இல்லை. மாடுலர் கிச்சன் இருந்தது, லிஃப்ட் இருந்தது, நீச்சல் குளம் இருந்தது. நல்ல காற்று அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

பெரியவர் சொன்ன கோட்டையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணுக்கு அபாகஸ் சேர்த்தது தேவையா, போட்டியா? நேர்மையாகச் சொன்னால் எதிர்வீட்டுப் பையன் சேர்ந்ததால் சேர்த்தேன்.

தேரடி | திங்கள், இரவு 11.30

தம்பி கேட்டதற்கு நான் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். சாமி கதை என்று ஒதுக்கிவிடாமல் படியுங்கள்.

திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. நான் மாதம் ஒரு தடவை போவேன். காது அறுந்த ஊசியின் கதை எல்லோருக்கும் தெரியும். வளர்த்த மகன் விட்டுப்போன பெட்டியில் அந்த ஊசி இருந்தது, சாகும்போது அதுகூடக் கூட வராது என்று ஓலையில் எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பினார் என்பார்கள். கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகச் சுற்றி, அது எங்கே இனித்ததோ அந்த இடம் இது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

நாம் கவனிக்க மறப்பது ஒன்று உண்டு. அந்த ஊசி யாருக்கு வந்தது? காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த பெரும் பணக்காரருக்கு வந்தது. அன்றாடம் காய்ச்சியின் வீட்டுக்கு யாரும் காது அறுந்த ஊசியை அனுப்பவில்லை. அவனுக்குக் காதுள்ள ஊசி வேண்டும், கிழிந்ததைத் தைக்க வேண்டும்.

வள்ளலாரையும் பாருங்கள். நம்ம ஏழுகிணறு வீராசாமி தெருவில் வாழ்ந்தவர். அங்கிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு வந்துபோவார். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர். ஆனால் பசித்தவனிடம் "இருப்பது போதும்" என்று அவர் சொல்லவில்லை. 1867-ல் வடலூரில் தருமச்சாலை திறந்து அடுப்பு மூட்டினார். அது இன்றைக்கும் சோறு போடுகிறது. தனக்குக் குறைவாகக் கேட்டவர், அடுத்தவனுக்குக் குறைவு என்றால் தாங்க மாட்டாதவராக இருந்தார். எனக்கு இதுதான் புரிகிறது: "போதும்" என்பதை ஒருவன் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவனுக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மணிக்கூண்டு | செவ்வாய், காலை 8.10

நான் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. காலடிப்பேட்டை அக்கா சொன்னதில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒப்பீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாம் நல்லபடியாக இருக்கிறோமா என்று அளக்கத் திட்டமான அளவுகோல் இல்லாதபோது மனிதன் பக்கத்தில் இருப்பவனை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறான், அதிலும் தன்னைப் போலவே இருப்பவனை எடுத்துக்கொள்கிறான் என்றார். பெரிய தொழிலதிபர் மாளிகை கட்டினால் அக்காவுக்குத் தூக்கம் கெடாது. தன் பாவாடையைக் கட்டிய சித்தி பெண் வீடு வாங்கினால் கெடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நெருக்கம் இருக்கும் இடத்தில்தான் அந்த வலி வரும்.

நான் இதோடு சேர்ப்பது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் முன்பு யாருடைய வீட்டையும் பாதி மட்டும் பார்க்க முடியாது. புது டிவி வந்தால் தெரியும், அந்த டிவிக்காக வாங்கிய கடனை வசூலிக்கத் தண்டல்காரர் சைக்கிளை நிறுத்தி வாசலில் நின்று கத்துவதும் தெரியும். குழாயடியில் எல்லார் வீட்டுச் சண்டையும் வந்துவிடும். அதனால் பொறாமை வந்தாலும் அரை நாளில் இறங்கிவிடும். இப்போது தண்டல்காரர் வருவதில்லை. ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. சத்தமில்லாமல் போய்விடுகிறது. போட்டோவில் வீடு தெரிகிறது, கடன் தெரிவதில்லை. முன்பைவிட நாம் பொறாமைக்காரர்களாக ஆகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஒப்பிட நமக்குக் கிடைக்கும் சரக்குதான் பாதியாகக் குறைந்துவிட்டது.

காசிமேட்டுக்காரி | செவ்வாய், மதியம் 1.40

என் மகள் டைப் பண்ணித் தருகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

நான் ஹார்பரில் மீன் எடுத்து விற்கிறவள். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போக வேண்டும். வஞ்சிரம் யார் கூடைக்குப் போனது, யார் சங்கராவோடு திரும்பினாள் என்பதே தினம் பேச்சு. பக்கத்துக் கூடைக்காரி என்னைவிட இருநூறு ரூபாய் கூட விற்றால் அன்றைக்கு எனக்குச் சோறு ருசிக்காது. அப்படித்தான் இருந்தேன், இப்போதும் பாதி அப்படித்தான்.

வருடத்தில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கிற நேரம், விசைப்படகு ஒன்றுகூடக் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு மட்டும் பக்கத்தில் போய் வரும். வரும் மீன் கொஞ்சம், விலை ஏறிவிடும். கையில் காசு இருக்காது. அரசாங்கம் கொடுப்பது ரெண்டு வாரத்துக்குத் தாங்காது. அடகு வைப்போம். அந்த நாட்களைச் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். அந்த 61 நாளில் எங்கள் தெருவில் யாரும் யாரையும் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லா லாஞ்சும் கட்டிக் கிடக்கிறது. ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து வலை பின்னுவார்கள், போட்டுக்கு வர்ணம் அடிப்பார்கள். பேச்சு சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டதே ஒரு தடைக்காலத்தில்தான். நான் மட்டும் ஒரு நாள் போகாமல் வீட்டில் இருந்தால் மனசு அடித்துக்கொள்ளும், அவள் எடுத்துவிடுவாளே என்று. ஊரே நின்றால் நிற்பது வலிக்காது.

தங்கச்சி மாடியில் தனியாக நிற்கிறாள், அதனால்தான் அவளுக்கு உறுத்துகிறது. சோம்பேறித்தனம் எல்லாம் கிடையாது. 4.45-க்கு எழுந்திருக்கிறவளை யார் சோம்பேறி என்று சொன்னது?

மில்கேட் | செவ்வாய், இரவு 10.15

காசிமேட்டு அக்கா சொன்ன "ஊரே நின்றால்" என்ற வார்த்தைக்காக எழுதுகிறேன். எங்கள் பாட்டனாரின் அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில் என்பார்கள், பி. அண்ட் சி. 1996-ல் மூடினார்கள். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் நின்று பார்க்காமல் என்னால் தாண்ட முடியாது.

வேலை நேரம் என்பதற்கு ஒரு எல்லை இருக்க வேண்டும் என்று இந்தியாவில் முதலில் சங்கமாகச் சேர்ந்து கேட்டவர்களில் நம்ம பெரம்பூர், புளியந்தோப்பு ஆட்கள் உண்டு. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். மதியம் சாப்பிடக் கிடைத்த இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய குறைகளில் ஒன்று. யோசித்துப் பாருங்கள், கேட்டதில் ஒன்று நிதானமாகச் சோறு தின்ன நேரம். அப்போது சட்டப்படியே நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். 1922-ல் 11 ஆனது. வாரத்துக்கு 48 மணி என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதினார்கள். நடுவில் 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, குடிசைகளுக்குத் தீ, தொழிலாளருக்குள்ளேயே பிளவு. அந்தக் காயம் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். 1923-ல் சிங்காரவேலர் மே தினத்தை இந்தியாவிலேயே முதல் தடவையாகக் கொண்டாடியதும் இந்த நகரத்துக் கடற்கரையில்தான்.

கல்மண்டபம் ஐயாவுக்குக் கிடைத்த இரட்டைச் சம்பளம் அந்த 48 மணி நேரம் என்ற எல்லையால் வந்தது. எல்லை போட்டதே, அதைத் தாண்டச் சொல்கிறவன் யோசிக்கட்டும் என்றுதான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே 1 அன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதல்வர் அறிவித்தார். அதற்குள் நூறு வருடம் ஓடிவிட்டது, வாதம் அதேதான்.

ரயில்கேட் தம்பி, நீங்கள் கேட்ட ஒப்பீடு அந்த வகை. என் தெருவில் ஏன் சாம்பல் விழுகிறது, அந்தத் தெருவில் ஏன் விழவில்லை என்று கேட்பது. அதைக் கேட்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் நம்மோடு வந்து நிற்பான். என் வீட்டில் ஏன் லிஃப்ட் இல்லை என்று கேட்டால் அதே பக்கத்து வீட்டுக்காரன் எதிரியாகிவிடுவான். இரண்டையும் ஒரே வார்த்தையால் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன்.

நாவலூர்வாசி | புதன், காலை 7.30

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயக்கம் இருந்தது, ஏனென்றால் நான் அந்தப் பக்கத்து ஆள். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, ஆறு வருடம் முன்பு இங்கே வந்தேன். எட்டாவது மாடி.

ஆடம்பரத்துக்காக வரவில்லை. அப்பாவுக்கு இளைப்பு. ஒவ்வொரு பனிக்காலத்திலும் நெபுலைசரும் ஆஸ்பத்திரியும்தான். டாக்டர் இடம் மாறிப் பாருங்கள் என்றார். வந்தோம். ஓரளவு பரவாயில்லை. ஆனால் அவர் இங்கே பேச ஆள் இல்லாமல் இருக்கிறார். மாலையில் கீழே பெஞ்சில் உட்காருகிறார், எதிரே போகிறவர்கள் எல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போகிறார்கள். "தேரடியில் நின்னா நாலு பேர் எங்க போறன்னு கேப்பான்" என்பார். நான் ஆபீஸிலிருந்து வர ஒன்பது. இன்னும் 14 வருடத் தவணை பாக்கி. மேனேஜர் தப்பாகப் பேசினாலும் வாயைத் திறக்க முடியாததற்கு அந்த 14 வருடம்தான் காரணம். இங்கேயும் கஷ்டம் உண்டு. பெருங்குடிக் குப்பைமேடு இந்தப் பக்கம்தான் இருக்கிறது, கோடையில் லாரித் தண்ணீர்தான்.

அக்கா, நான் இதைச் சொல்லக் காரணம் ஒன்றுதான். என் பெரியப்பா பெண் காலடிப்பேட்டைப் பக்கம்தான் இருக்கிறாள். போன மாதம் மொட்டை மாடியில் பெரியம்மா வடகம் பிழியும் போட்டோ போட்டிருந்தாள். நான் அதை அன்றைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். உங்கள் சித்தி பெண்ணிடம் ஒரு நாள் போன் போட்டுப் பேசுங்களேன்.

கொருக்குப்பேட்டை ரயில்கேட் | புதன், இரவு 12.50

வீட்டுக்கு வந்துவிட்டேன். மில்கேட் அண்ணே, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் தாத்தாவும் மில்தான், ஆனால் வீட்டில் இதெல்லாம் சொன்னதில்லை.

அன்றைக்குக் கோபத்தில் ஒன்றை விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு ஆப்பை அணைத்துவிட்டு எங்கள் தெரு கேரம் கிளப்புக்குப் போவேன். ஒரு பலகை, மேலே ஒரு பல்பு, சுற்றி எட்டுப் பேர். சிவப்புக் காயை விழுத்தி, அடுத்த காயையும் ஃபாலோ போட்டுவிட்டால் யாராவது முதுகில் ஒரு தட்டு தட்டுவார்கள். நீ என்ன சம்பாதிக்கிறாய் என்று அங்கே இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த ராத்திரி ஆர்டர் ஓட்டினால் முன்னூறு ரூபாய் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போகிறேன். கல்மண்டபம் ஐயா சொன்ன கேரம்காரரைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2024-ல் நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியது நினைவிருக்கிறதா? ஆட்டோ ஓட்டுநர் மகள். என்னைவிடச் சின்னவள், உலகமே பார்த்தது. எனக்கு ஒரு துளி பொறாமை வரவில்லை. எங்கள் கிளப்பில் ஒருத்தனுக்கும் வரவில்லை, தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தோம். என் கூட டிப்ளமோ படித்தவன் கார் வாங்கினால் மட்டும் ஏன் வயிறு எரிகிறது? மணிக்கூண்டு சார் சொன்ன நெருக்கம் என்பது இதற்குப் பாதிதான் பதில். அவளும் எங்களுக்கு நெருக்கம்தானே. அவள் ஜெயித்தபோது நாங்களும் அந்தப் பலகையில் இருந்தது போல இருந்தது. கார் வாங்கினவனோடு நான் எதிலும் இல்லை. படிப்பு முடிந்து அவனோடு பேசியே நாலு வருடம் ஆகிறது.

மணிக்கூண்டு | வியாழன், காலை 8.00

தம்பி, இதை என் வகுப்பில் சொல்லலாமா? உங்கள் பெயர் சொல்ல மாட்டேன்.

கொருக்குப்பேட்டை ரயில்கேட் | வியாழன், காலை 10.50

தாராளமாகச் சொல்லுங்கள் சார்.

காலடிப்பேட்டை | சனி, இரவு 11.10

எல்லோருக்கும் நன்றி. போன் செய்தேன். நாற்பது நிமிடம் பேசினாள். மர வேலைக்காரன் பணம் வாங்கிக்கொண்டு வராதது, பையன் புதுப் பள்ளியில் ஒட்டாதது, தவணை, எல்லாம் சொன்னாள். அப்புறம் அத்தை போடும் மாங்காய் வற்றல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அத்தை என்றால் என் மாமியார். அவளுக்கும் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். அவள் கஷ்டத்தைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது என்று சொன்னால் அது அசிங்கம். அப்படி வரவில்லை. அவள் மறுபடியும் என் சித்தி பெண்ணாகக் காதில் கேட்டாள், அவ்வளவுதான். நடுவில் நீச்சல் குளத்தில் பையன் கற்றுக்கொள்கிறான் என்றபோது மட்டும் எனக்கு ஒரு நொடி அதே பழைய எரிச்சல் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அது முழுதாகப் போகவில்லை.

அபாகஸை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார், மாதம் எவ்வளவு மிச்சம் என்று சொன்னதும் விட்டுவிட்டார். காசிமேட்டு அக்கா சொன்னதை வைத்து இன்னொன்றும் செய்தோம். ராத்திரி 9.30-க்குக் கீழே விளக்கை அணைத்துவிட்டு நான்கு பேரும் மாடிக்கு வர வேண்டும், போன் கீழேயே இருக்கும். மூன்று நாள் ஆகிறது. நேற்று அவர் பட்டறைக் கணக்கு இருக்கிறது என்று வரவில்லை. இன்று வந்தார், பாதியில் தூங்கிவிட்டார்.

ஜன்னல் கரியைப் பற்றி எங்கள் தெருவில் ஆறு வீட்டில் கேட்டேன். நாலு வீட்டில் குழந்தைகளுக்கு இளைப்பு இருக்கிறது. இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. சேர்ந்து ஒரு மனு எழுதலாம் என்கிறார்கள். மில்கேட் அண்ணே, எப்படி எழுதுவது, எங்கே கொடுப்பது என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா?

அப்புறம் ரயில்கேட் தம்பி, என் பெண் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கேரம் ஆட வேண்டும் என்கிறாள். உங்கள் கிளப்பில் பெண் பிள்ளைகள் வரலாமா? போட்டிக்கு அனுப்புகிற எண்ணம் எனக்கு இல்லை, சும்மா ஆடட்டும் என்று பார்க்கிறேன்.

மில்கேட் | ஞாயிறு, காலை 6.45

தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். மனுவில் எல்லா வீட்டுக் கையெழுத்தும் இருக்கட்டும், எந்தத் தேதியில் எந்த நேரம் புகை வந்தது என்று ஒரு நோட்டில் இன்றிலிருந்தே குறியுங்கள்.

கொருக்குப்பேட்டை ரயில்கேட் | ஞாயிறு, காலை 9.20

தாராளமாக வரலாம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகளுக்கு மட்டும்தான் பலகை. நாலு பெண் பிள்ளைகள் ஏற்கெனவே வருகிறார்கள். காசு கிடையாது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலகையில் உட்கார்ந்தால் ஜெயிக்கத்தான் தோன்றும், அதைத் தடுக்காதீர்கள். பவுடர் நாங்கள் வைத்திருக்கிறோம். ஸ்ட்ரைக்கர் இருந்தால் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என்னுடையதைத் தருகிறேன்.